லாம்ப்ஸ்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டறிந்தவை

அணுக்களின் அசைவைக் கணிக்கும் லாம்ப்ஸ் மென்பொருளைச் சில ஆண்டுகளாக இலங்கையின் ஹட்டனில் வீட்டிலிருந்தே இயக்கி வருகிறேன். என் ஆய்வுப்பொருள் கிராபீன். கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கத்தில் கிடைக்கும் காரீயம் (கிராபைட்) அதன் தூய்மைக்குப் பெயர்பெற்றது. காரீயத்தின் ஒற்றை அணுப்படலமே கிராபீன். அது இழுபடும்போது எங்கே, எப்படிக் கிழியும் என்பதை நேரில் அளக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். அவை எட்டாத எங்களைப் போன்றோருக்கு இந்த மென்பொருள் பெரும் வாய்ப்பு.

அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வுகூடத்தில் 1990களில் உருவான இது இலவசமானது. மூலநிரலும் எவரும் பார்க்கக்கூடியது. உயர்தரப் பௌதிகத்தில் கற்ற நியூட்டனின் இரண்டாம் விதியையே ஒவ்வோர் அணுவுக்கும் பிரயோகித்து, விசையிலிருந்து ஆர்முடுகலையும் அதிலிருந்து அடுத்த இடத்தையும் கணித்து, ஏறத்தாழ ஒரு பெம்டோ செக்கன் இடைவெளியில் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. அந்த இடைவெளியில் ஒரு நனோ செக்கனை, அதாவது செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கைக் கடக்கப் பத்து இலட்சம் படிகள் தேவை. ஆயினும் சில ஆயிரம் அணுக்கள் கொண்ட படலத்துக்குச் சாதாரண மடிக்கணினியே போதும்.

மழையும் காற்றும் மிகுந்த மாதங்களில் மலையகத்தில் மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும். 2022 மார்ச் இறுதியிலோ நாடெங்கும் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியது. குறிப்பிட்ட படிகளுக்கு ஒருமுறை நிலையைச் சேமிக்கும் ‘ரீஸ்டார்ட்’ கட்டளையை எழுதிவைத்தால், நின்ற இடத்துக்கு அருகிலிருந்தே கணிப்பு தொடரும். இவ்வசதியை இங்குள்ளவர்கள் முதல் நாளே பழகிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது அணுக்களுக்கிடையிலான விசையை வரையறுக்கும் சார்பின் தெரிவு. கார்பனுக்குப் பலரும் ஏஐரெபோ என்ற சார்பைப் பயன்படுத்துகிறார்கள். அதில் இரு கார்பன் அணுக்களின் பிணைப்பு 1.7 முதல் 2.0 ஆங்ஸ்ட்ரோம் (ஓர் ஆங்ஸ்ட்ரோம் 0.1 நனோமீற்றர்) வரையான தூரத்தில் படிப்படியாக அணைக்கப்படுகிறது. இது கணிப்பின் வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. சாதாரண நிலையில் பிணைப்பின் நீளம் 1.42 ஆங்ஸ்ட்ரோம் மட்டுமே என்பதால் தீங்கில்லை. ஆனால் படலம் முறிவை நெருங்கி, பிணைப்புகள் 1.7ஐத் தாண்டும்போது, உண்மையில் இல்லாத விசையொன்றை அந்த அணைப்பே தோற்றுவித்து, தகைப்பு (ஓரலகுப் பரப்பில் தாக்கும் விசை)–விகார (நீட்சியின் விகிதம்) வளையியைச் செங்குத்தாக மேலேற்றிவிடுகிறது. மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. பொருள் உண்மையில் அத்தனை வலிமையானது என்றே பார்ப்பவர் நம்பிவிடுவார். ஆகவே முறிவை ஆராய்பவர்கள் கீழ் எல்லையை 2.0ஐ ஒட்டி உயர்த்தி வைப்பது வழக்கம். மீள்தன்மையை மட்டும் ஆராய்பவருக்கு இம்மாற்றம் தேவையில்லை.

தகைப்பைக் கணக்கிடும்போதும் கவனம் வேண்டும். மென்பொருள் முழுப் பெட்டியின் கனவளவால் வகுக்கிறது. படலத்தின் மேலும் கீழும் விட்ட வெற்றிடமும் அதில் அடங்கும். பெட்டியின் உயரம் 3.35 நனோமீற்றர் என்றால், 0.335 நனோமீற்றர் தடிப்புள்ள படலத்தின் தகைப்பு பத்தில் ஒரு பங்காகவே தெரியும். திருத்தத்தை நாமே செய்ய வேண்டும்.

இன்னொரு குறை எந்தத் தெரிவாலும் நீங்காது. செக்கனுக்கு நூறு கோடி என்ற விகார வீதத்தில் இழுத்தால்தான் 20 சதவீத விகாரத்தை இரண்டு இலட்சம் படிகளில் எட்ட முடிகிறது. ஆய்வுகூடத்தில் யாரும் இவ்வளவு வேகமாக இழுப்பதில்லை. வேகம் கூடும்போது முறிவு பிந்துவதால், கிடைக்கும் வலிமையை அப்படியே பரிசோதனை மதிப்போடு ஒப்பிடுவது முறையன்று. வெவ்வேறு வீதங்களில் இயக்கிப் போக்கைப் பார்ப்பதே நேர்மையானது.

அசைவைக் கண்ணால் காண ஓவிட்டோ என்ற காட்சி மென்பொருள் சிறந்தது; பிளவு எந்த அணுவில் தொடங்கியது என்பதைச் ஒவ்வொரு காட்சிச் சட்டமாகப் பின்னோக்கிப் பார்க்கலாம்.

பௌதிகமோ இரசாயனமோ பயிலும் பட்டதாரி மாணவர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். தொடங்குபவர்கள் முதலில் குறையற்ற கிராபீன் படலத்தை 300 கெல்வினில் சற்றே இழுத்து, பொருளின் விறைப்பைக் காட்டும் யங்கின் மட்டைக் கணித்துப் பார்க்கட்டும். 2008இல் வெளியான அளவீட்டின்படி அது ஏறத்தாழ 1 டெராபாஸ்கல். அதற்கு அருகில் விடை வந்த பின்னரே துளைகளும் குறைகளும் கொண்ட படலங்களை எடுக்கலாம்.