கண்ணாடியா, பிளாஸ்டிக் டப்பாவா, டிராயர் அடுக்கா? நன்னீர் மீன்தொட்டிக்கு வீட்டிலேயே செய்யும் சம்ப்

சம்ப் என்பது மீன்தொட்டியின் அடியில் வைக்கும் இரண்டாவது தொட்டி. மேலிருந்து குழாயில் இறங்கும் நீர் அதில் சுத்தமாகி, பம்ப் வழியே மீண்டும் மேலே ஏறும். குறைந்த செலவில் மீன்தொட்டிக்கு ஒரு சம்ப் செய்ய நினைப்பவர் முன் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும். பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றுக்குள் தடுப்புக் கண்ணாடிகளை ஒட்டி அறைகளாகப் பிரிக்கலாம். துணிமணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவைப் பயன்படுத்தலாம். அல்லது பிளாஸ்டிக் டிராயர் அடுக்கில் மீடியாவை (ஸ்பாஞ்சு, நார் போன்ற வடிகட்டும் பொருளை) நிரப்பி மேலிருந்து நீரைச் சொட்டவிடலாம். நீரைச் சுத்தம் செய்வதில் மூன்றும் ஏறக்குறைய சமம்தான். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா மீடியாவின் மேற்பரப்பில்தான் வாழ்கிறது. அந்த மீடியாவைச் சுமப்பது கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதால் அதற்கு ஒரு வேறுபாடும் இல்லை. ஆகவே இவற்றை ஒப்பிட நான் கேட்கும் கேள்விகள் இரண்டே: மின்சாரம் நின்றால் நீர் எங்கே போய் நிற்கும்? மேலிருந்து வரும் குழாய் அடைத்துக்கொண்டால் எங்கே போய் நிற்கும்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் ஒவ்வொரு செ.மீ. உயர நீரும் 5.4 லிட்டர். பம்ப் நின்றதும், நீர் வழியும் விளிம்பு வரையிலும், பம்ப் ஏற்றும் நீரை மேல்தொட்டிக்குக் கொண்டுவரும் திரும்பு குழாயின் வாய் வரையிலும் உள்ள நீர் கீழே இறங்கும். அது 3 செ.மீ. என்று கொண்டால் 16 லிட்டர். குழாய்களில் நிற்பதையும் சேர்த்தால் சுமார் 18 லிட்டர். கீழே இருப்பது 60 × 30 × 30 செ.மீ. கண்ணாடித் தொட்டி என்றால் அதன் மொத்தக் கொள்ளளவு 54 லிட்டர். 18 லிட்டருக்கு அதில் தாராளமாக இடம் இருக்குமே என்று தோன்றும். ஆனால் தடுப்புகளின் உயரம் 22 செ.மீ. என்றால், முன் அறைகளில் நீர் எப்போதும் அந்த உயரத்தில்தான் நிற்கும். மேலே மிஞ்சும் 8 செ.மீ. இடத்தில் 14.4 லிட்டரும், பம்ப் இருக்கும் கடைசி அறையில் (20 × 30 செ.மீ.) 15 செ.மீ. மட்டத்திலிருந்து 22 வரை 4.2 லிட்டரும், ஆக 18.6 லிட்டர்தான் கொள்ளும். கண்ணாடியின் கனத்தைக் கழித்தால் அதுவும் குறையும். தப்பிப் பிழைப்பதற்கு இது போதாது. தடுப்பைத் தாழ்த்த வேண்டும், அல்லது பெரிய தொட்டி தேட வேண்டும்.

பிளாஸ்டிக் டப்பா இந்தச் சோதனையில் எளிதாக வெல்கிறது. 60 × 40 செ.மீ. அடிப்பரப்பும் 35 செ.மீ. உயரமும் உள்ள டப்பாவில் 20 செ.மீ. வரை நீர் நின்றாலும் மேலே 36 லிட்டருக்கு இடம் இருக்கிறது. நீர் ஆவியாவதிலும் இதே கதைதான். கண்ணாடி சம்ப்பில் ஆவியாகும் இழப்பு முழுவதும் கடைசி அறையில்தான் தெரியும் என்பதால், ஒரு லிட்டர் குறைந்தால் அங்கே மட்டம் 1.7 செ.மீ. இறங்கிவிடும், டப்பாவில் அரை செ.மீ. கூட இறங்காது. நான்கு நாள் வெளியூர் போகிறவருக்கு இந்த வேறுபாடு சின்னதல்ல, ஏனெனில் வறண்டு ஓடும் பம்ப் விரைவில் கெட்டுவிடும்.

இரண்டாம் கேள்வியில் நிலைமை தலைகீழாக மாறுகிறது. மேலே நீர் வழியும் வாய் அடைத்துக்கொண்டால் பம்ப் தன் பங்குக்கு நீரை ஏற்றிக்கொண்டே இருக்கும். கண்ணாடி சம்ப்பில் அது எடுக்கக்கூடியது கடைசி அறையின் நீரை மட்டும்தான். பம்ப்பின் வாய் 5 செ.மீ. உயரத்தில் இருந்தால் 6 லிட்டர். மேல்தொட்டியில் மட்டம் ஒரு செ.மீ.க்குச் சற்று அதிகமாக உயர்ந்து நின்றுவிடும். தடுப்பில்லாத டப்பாவிலிருந்தோ 36 லிட்டரும் மேலே போகும், அது 6.7 செ.மீ. உயர்வு, அதாவது தரை முழுக்க நீர். இதை நான் அனுபவித்தே கற்றுக்கொண்டேன். ஒரு நத்தை இரவில் வடிகுழாயின் வாயில் போய் உட்கார்ந்துகொண்டது. காலையில் எழுந்து கால் வைத்த இடம் ஈரமாக இருந்தது, மரப்பலகையின் அடி ஊறிப் பிரிந்திருந்தது. அன்றே பம்ப்பை ஒரு செங்கல் மேடையில் ஏற்றினேன். பம்ப்பின் வாய்க்கு மேலே 3 செ.மீ. நீர் மட்டும் நிற்கும்படி வைத்தால், அடைப்பு நேர்ந்தாலும் ஏறுவது சுமார் 7 லிட்டர்தான், மேல்தொட்டியில் அது 1.3 செ.மீ.தான். ஆவியாகும் நீருக்கு இருந்த தாராளம் இதனால் குறையும், உண்மைதான். இருந்தும் 7 லிட்டர் கையிருப்பு சில நாட்களுக்குத் தாங்கும்.

செய்வதிலும் இரண்டுக்கும் குணம் வேறு. கண்ணாடியில் தடுப்பு ஒட்டுவது பொறுமையான வேலை. பழைய சிலிகான் பசையை பிளேடால் முழுதாகச் சுரண்டிவிட வேண்டும், ஏனெனில் பழையதன் மேல் புதியது சரியாகப் பிடிக்காது. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகானையே வாங்க வேண்டும். அது காயும்போது வரும் வினிகர் வாடை முற்றிலும் போகும்வரை நீர் ஊற்றாமல் காத்திருப்பது நல்லது. பிளாஸ்டிக் டப்பாவிலோ சிலிகான் நம்பத்தக்கதே அல்ல. பாலித்தீனிலும் பாலிபுரொப்பிலீனிலும் அது ஒட்டியதுபோல் தோன்றி, பிறகு தோல் உரிவதுபோல் உரிந்து வந்துவிடும். எனவே டப்பாவுக்குள் தடுப்பு ஒட்ட முயலாமல், மீடியாவுக்கு ஒரு பக்கெட்டைத் தனியாக உள்ளே வைப்பதே சிறந்த வழி. வடிகுழாயைப் பக்கெட்டின் அடிவரை இறக்கி, அதற்கு மேலே ஓட்டைத் தட்டு ஒன்றும், முரட்டு ஸ்பாஞ்சும், பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார்க் கட்டுகளும் வரிசையாக வைத்தால், நீர் கீழிருந்து மேலாக ஊறி விளிம்பைத் தாண்டி டப்பாவில் வழியும். (சோப்புத் தடவிய நாரும் உலோக நாரும் கூடாது.) பக்கெட்டின் விளிம்பு டப்பாவின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கழிவு அடியில் தங்கும். மாதம் ஒருமுறை பக்கெட்டை மட்டும் வெளியே எடுத்து, குளோரின் உள்ள குழாய்நீரில் அல்லாமல் தொட்டி நீரிலேயே நாரை அலசிவிடலாம். ஒட்டிய தடுப்புகளுக்கிடையே கையை நுழைத்துச் சுத்தம் செய்த எவருக்கும் இந்த வசதியின் அருமை புரியும். டப்பாவின் குறை, அதன் நீண்ட பக்கங்கள் நீரின் அழுத்தத்தில் வெளியே பிதுங்குவது. கனமான சுவருள்ள டப்பாவாகப் பார்த்து வாங்கி, நடுவில் ஒரு மரச்சட்டம் கட்டிவிட்டால் சமாளிக்கலாம்.

டிராயர் அடுக்கின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மி.கி. அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறத்தாழ 4.6 மி.கி. ஆக்ஸிஜன் தேவைப்படுகிறது, 25 டிகிரி செல்சியஸ் நன்னீரில் அதிகபட்சம் லிட்டருக்கு 8.3 மி.கி. அளவுதான் கரைந்திருக்கும். நீரில் மூழ்காமல் காற்றில் நனைந்தபடி இருக்கும் மீடியாவுக்கு அந்தப் பஞ்சமே இல்லை. நிறையத் தின்று நிறையக் கழிக்கும் பெரிய சிக்லிட், தங்கமீன் வகைகளை வளர்ப்பவருக்கு இதைத்தான் சொல்வேன். நீர்ச்செடிகள் வளர்க்கும் தொட்டிக்குச் சொல்லமாட்டேன், செடிகளுக்காக கார்பன் டை ஆக்ஸைடைக் கரைத்துவிட்டுக் கொட்டும் நீரில் அதை வெளியேற்றுவது வீண்செலவு. இரண்டு கேள்விகளில் இந்த அடுக்கு தனியாகத் தேறவும் தேறாது. மின்சாரம் நின்றால் இறங்கும் 18 லிட்டரை மெல்லிய அடி டிராயர் தாங்காது. அடுக்கை டப்பாவின் மேலே நிறுத்தி, நீர் டப்பாவுக்குள் விழும்படி அமைத்தால் மட்டுமே அது பாதுகாப்பானது. அதற்குத் தொட்டியின் அடியில் உயரம் வேண்டும், சொட்டும் சத்தத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றில் எதை எடுத்தாலும் மேலிருந்து நீரை இறக்கும் வழியில் காசை மிச்சம் பிடிக்கக் கூடாது. தொட்டியின் விளிம்பைத் தாண்டி வளைந்து இறங்கும் பிவிசி சைஃபன் மலிவு. ஆனால் அதன் வளைவின் உச்சியில் காற்றுக்குமிழ்கள் சேர்ந்தால் ஓட்டம் அறுந்துவிடும். டைமண்ட் ஹோல் சாவால் (கண்ணாடியில் வட்டத் துளை போடும் கருவியால்) துளையிட்டு, குழாயை நீர் கசியாமல் இணைக்கும் டேங்க் நிப்பிள் பொருத்துவது ஒருநாள் பயத்தோடு முடிந்துவிடும் வேலை. டெம்பர்டு (சூடாக்கிக் கடினப்படுத்திய) கண்ணாடியில் மட்டும் கை வைக்கக் கூடாது, துளையிடத் தொடங்கியதும் நொறுங்கிவிடும். திரும்பு குழாயில் என்.ஆர்.வி. (நீரை ஒரு திசையில் மட்டும் விடும்) வால்வு போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஆனால் அதன் வாயில் பாசியும் அழுக்கும் சேர்ந்தால் அது முழுதாக மூடாது. மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே அதே குழாயில் 4 மி.மீ. துளை ஒன்று போட்டால், மட்டம் இறங்கியதும் காற்று உள்ளே நுழைந்து, கீழே இறங்கும் நீரை நிறுத்திவிடும். அந்தத் துளையையும் அவ்வப்போது குச்சியால் குத்திவிட வேண்டும்.

முதன்முறை செய்பவருக்கு, பக்கெட் வைத்த டப்பாவும் துளையிட்ட தொட்டியும் மேடையில் ஏற்றிய பம்ப்புமே என் தேர்வு. கண்ணாடி, அளவெல்லாம் சரியாகப் பிடிபட்ட பிறகு இரண்டாவது சம்ப்புக்கு. மீன்களை விடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, நீர் இறங்கி அடங்கியதும் டப்பாவின் விளிம்புக்குக் கீழே எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். மறுபடி பம்ப்பை ஓடவிட்டு, மட்டம் நிலைத்ததும் அந்த இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். இனி நீர் சேர்க்கும்போதெல்லாம், பம்ப் ஓடிக்கொண்டிருக்கையில் அந்தக் கோட்டைத் தாண்டாமல் சேர்க்க வேண்டும்.