புதுக் கிளை திறக்க எந்த விசா? அமெரிக்க எல்-1ஏ, பிரிட்டன் எக்ஸ்பான்ஷன் வொர்க்கர்: ஓர் ஒப்பீடு

எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டில் கிளை கிடையாது. முதல் கிளையைத் திறக்க ஓர் ஆளை அனுப்புவது என்று முடிவானபோது, கடைசிச் சுற்றுவரை நின்றவை இரண்டு வழிகள்தான். ஒன்று, கம்பெனி தன் மேலாளரை அமெரிக்கக் கிளைக்கு மாற்ற உதவும் எல்-1ஏ விசாவில், புதுக் கிளைக்கான 'நியூ ஆபீஸ்' பிரிவு. இன்னொன்று, பிரிட்டனில் முதல் கிளை திறக்கப் போகிறவருக்கான எக்ஸ்பான்ஷன் வொர்க்கர் விசா. அனுப்பப்பட்ட ஆள் நான், போனது அமெரிக்காவுக்கு. ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். பிரிட்டன் வழியில் நான் விண்ணப்பத்துக்குத் தயாரான இடம்வரைதான் போயிருக்கிறேன். அமெரிக்க வழியில் முதல் நீட்டிப்பையும் தாண்டியாயிற்று.

இரண்டுக்கும் பொதுவான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். போகிறவர் தாய்க் கம்பெனியில் ஏற்கெனவே ஒரு வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும் (பிரிட்டனில் மிக அதிகச் சம்பளக்காரர்களுக்கு இதில் விலக்கு உண்டு). பெரிய பொறுப்பில் இருப்பவராக இருக்க வேண்டும் (பிரிட்டனில் சிறப்பு நிபுணராகவும் இருக்கலாம்). குடும்பத்தைக் கூட்டிப்போகலாம், கணவனோ மனைவியோ அங்கே வேலைக்கும் போகலாம். அமெரிக்காவில் எல்-2 துணைவர்கள் (எல்-1 விசாக்காரரின் கணவனோ மனைவியோ) வேலைக்குத் தனி அனுமதி அட்டை வரும்வரை காத்திருந்த காலம் 2021 நவம்பரோடு முடிந்தது. இரண்டு விசாக்களுக்கும் குலுக்கல் இல்லை, வருட ஒதுக்கீடும் இல்லை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி (குலுக்கலில் கிடைக்கும் வேலை விசா) மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்ததிலிருந்து எல்-1 பக்கம் எல்லோருடைய பார்வையும் திரும்பியதில் ஆச்சரியமில்லை. அந்தத் தொகை எல் விசாவுக்குப் பொருந்தாது.

இலங்கை, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது. அந்த நாடுகள் அமெரிக்காவோடு ஒப்பந்தம் செய்துகொண்டவை, அதனால் இ-2 முதலீட்டு விசா கிடைக்கும். இந்தியர்களுக்கு அது இல்லை. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

சரி, எதை வைத்து முடிவு செய்வது? கட்டணம், காத்திருப்பு, வக்கீல் செலவு எல்லாம் பேசிப் பேசி எங்களுக்கு அலுத்துப்போனது. கடைசியில் ஒரே கேள்விதான் முடிவைத் தந்தது: முதல் வருடம் முடியும்போது எதைக் காட்டச் சொல்வார்கள், காட்டிய பிறகு என்ன கிடைக்கும்?

எல்-1ஏ விசாவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் கிளைக்குப் போகிறவருக்கு முதலிலேயே மூன்று வருடம் வரை தருவார்கள். புதுக் கிளை என்றால் ஒரு வருடம்தான். அந்த முதல் மனுவுக்கு அலுவலக இடத்தின் குத்தகைப் பத்திரம், இரண்டு கம்பெனிகளுக்கும் உள்ள உடைமைத் தொடர்பு, முதலீட்டுப் பணம், ஆள் அமைப்புத் திட்டம், வியாபாரத் திட்டம் ஆகியவை போதும். பெரும்பாலும் வரப்போவதைப் பற்றிய பேச்சு. ஒரு வருடத்துக்குள் ஒரு மேலாளர் பதவியைத் தாங்கும் அளவுக்குக் கிளை வளரும் என்று அதிகாரி நம்பினால் சரி.

வருடம் முடியும்போதுதான் கணக்குக் கேட்பார்கள். எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், என்னென்ன பதவி, யாருக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தீர்கள், கிளையின் நிதிநிலை என்ன, நீங்கள் தினமும் என்ன செய்தீர்கள். புதுக் கிளை திறக்கப் போனவர் முதல் ஆறு மாதம் என்ன செய்வார்? வாடிக்கையாளருக்குப் போன் போடுவார், விலைப்புள்ளி தயாரிப்பார், பில் அனுப்புவார், இன்டர்நெட் இணைப்புக்காரரோடு மல்லுக்கட்டுவார். இதெல்லாம் தவறில்லை. ஆனால் நீட்டிப்பு மனுவிலும் உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் இதிலேயே போகிறது என்றால், நீங்கள் மேலாளர் இல்லை என்று எழுதிவிடுவார்கள். கல்யாண வீட்டுக்காரரே பரிமாறிக்கொண்டிருந்தால் பந்தியை மேற்பார்த்தவர் யார் என்று கேட்பது மாதிரி.

ஆகவே ஆள் எடுக்க வேண்டும், அதுவும் சீக்கிரம். இங்கே பலரும் கவனிக்காத ஒரு சங்கதி காலாண்டுச் சம்பளக் கணக்கு. ஊழியர் எண்ணிக்கைக்கு எல்லோரும் வைக்கும் ஆதாரம் வருமான வரித்துறைக்குக் கொடுக்கும் படிவம் 941. அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலாண்டு முடிந்து அடுத்த மாதக் கடைசிக்குள் தாக்கல் ஆவது. பத்தாம் மாதம் எடுத்த ஆள், நீட்டிப்பு மனு போடும் நாளில் எந்தப் படிவத்திலும் தெரியாமல் போகலாம். பேரோலில் இல்லாமல் ஒப்பந்த அடிப்படையில் வைத்துக்கொண்டவர்கள் கணக்கில் வரவே மாட்டார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் அவர்களுக்கு எடை குறைவு.

யாரை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். வெறும் உதவியாளர்களை மேற்பார்ப்பவரை அவர்கள் மேலாளராக எண்ணுவதில்லை. உங்கள் கீழே இருப்பவர்கள் பட்டம் தேவைப்படும் தொழில்முறை வேலையில் இருக்க வேண்டும், அல்லது அவர்களே மேற்பார்வையாளர்களாக இருக்க வேண்டும். கம்பெனியின் முக்கியமான ஒரு துறையையே நடத்துபவர் என்று காட்டும் வழியும் உண்டு. ஒரு வரவேற்பாளரையும் ஒரு கணக்குப் பிள்ளையையும் வைத்து ஒப்பேற்ற நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நாங்கள் முதலில் எடுத்தது ஓர் இன்ஜினியரை. அவர் சம்பளம் கைக்கு மிஞ்சியதுதான், ஆனால் நீட்டிப்பு மனுவில் அவர் பெயர்தான் அதிக இடத்தில் வந்தது.

சிறிய கம்பெனிகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட ஓர் இடமும் இருக்கிறது. 2016ல் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம், இசட்-ஏ என்று குறிப்பிடப்படும் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. அமெரிக்கக் கிளையில் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணக்கூடாது, தாய்க் கம்பெனியில் இருந்தபடி அந்தக் கிளைக்கு வேலை செய்கிறவர்களையும் சேர்த்தே மேலாளரின் பொறுப்பை எடைபோட வேண்டும் என்பது அதன் சாரம். ஊரில் இருக்கும் டீம் வேலையைச் செய்கிறது, கிளையில் இருப்பவர் அதை நடத்துகிறார் என்பது நம் கம்பெனிகள் பலவற்றின் உண்மை நிலை. அதை அமைப்புப் படத்திலும் மின்னஞ்சல்களிலும் முதல் நாளிலிருந்தே பதிவு செய்து வைத்தால் பிறகு கைகொடுக்கும்.

அப்புறம் காலண்டர். ஒரு வருடம் என்பது கையில் கிடைக்கும்போது ஒரு வருடம் இல்லை. மனுவில் எழுதிய தொடக்கத் தேதியிலிருந்து ஓடுவது அது. தூதரக நேர்காணலும் வீட்டு மாற்றமும் வங்கிக் கணக்கும் அதிலிருந்தே கழியும். தொடக்கத் தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். மறுமுனையில் ஆறுதல் உண்டு. காலாவதிக்கு முன்பே நீட்டிப்பு மனு போட்டுவிட்டால், பதில் வரும்வரை, அதிகபட்சம் 240 நாட்கள், அதே கம்பெனியில் வேலையைத் தொடரலாம். கூடுதல் பணம் கட்டினால் 15 வேலை நாட்களில் ஏதாவது ஒரு பதில் வந்துவிடும். அந்தப் பதில் இன்னும் ஆதாரம் கேட்டு வரும் கடிதமாகவும் இருக்கலாம்.

இந்தப் பரீட்சையைத் தாண்டினால் இரண்டு வருடம், பிறகு மறுபடி இரண்டு, இப்படி மொத்தம் ஏழு வருடம் வரை. கிளை ஒரு வருடம் வியாபாரம் செய்த பிறகு, மேலாளர்களுக்கான இபி-1சி கிரீன் கார்டு மனுவும் போடலாம். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அங்கேயும் வருடக்கணக்கில் வரிசை நிற்கிறது. நான் அந்த வரிசையில் இன்னும் நிற்கவில்லை, அதனால் அதை நம்பி எல்-1ஏ எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்கக் கம்பெனியை உள்ளூர் ஆளை வைத்து ஒரு வருடம் உண்மையாகவே நடத்த முடிந்தால், அதற்குப் பிறகு அது புதுக் கிளை இல்லை. எடுத்த எடுப்பிலேயே மூன்று வருடம் கேட்கலாம்.

பிரிட்டனில் நிலைமை நேர் எதிர். அங்கே வியாபாரத்தை முன்கூட்டியே தொடங்கிவிட்டால் எக்ஸ்பான்ஷன் வொர்க்கர் கதவு சாத்திக்கொள்ளும். இடம் பிடித்திருக்கலாம், கம்பெனிப் பதிவு செய்திருக்கலாம். வியாபாரம் மட்டும் தொடங்கியிருக்கக்கூடாது. 2022 ஏப்ரல் 11 அன்று பழைய 'சோல் ரெப்' (வெளிநாட்டுக் கம்பெனியின் ஒற்றைப் பிரதிநிதி) விசாவை மூடி இதைத் திறந்தார்கள். பழையதில் இல்லாத ஒன்று, ஸ்பான்சர் லைசன்ஸ், அதாவது வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க கம்பெனி அரசிடம் வாங்கும் அனுமதி. பிரிட்டனில் உங்களுக்கு ஆளே இல்லை என்றால் முதலில் தற்காலிகத் தரத்தில் லைசன்ஸ் தருவார்கள். அதில் ஒரே ஒருவரை, அதாவது லைசன்ஸுக்குப் பொறுப்பான அதிகாரியை மட்டும் அனுப்பலாம். அவர் போய்ச் சேர்ந்து தரத்தை உயர்த்திய பிறகு இன்னும் நான்கு பேர் வரை.

முதல் வருட முடிவில் அமெரிக்காவைப் போல ஆட்களை எண்ணுவதில்லை. புதிய ஸ்பான்சர் சான்றிதழ் வாங்கி இன்னொரு வருடம் நீட்டிக்கலாம். கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் இரண்டு வருடத்தோடு சாலையே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் இருக்க வேண்டுமானால் வேறு விசாவுக்கு மாற வேண்டும், பெரும்பாலும் ஸ்கில்ட் வொர்க்கர் என்ற வழக்கமான வேலை விசா. அதற்கு லைசன்ஸில் தனிப் பிரிவு சேர்க்க வேண்டும். 2026 ஜனவரி 8 முதல் பி2 தர (நடுத்தரத்துக்கு மேல்) ஆங்கிலமும் காட்ட வேண்டும். எக்ஸ்பான்ஷன் வொர்க்கரில் ஆங்கிலத் தேர்வு இல்லை என்று நிம்மதியாக வந்தவர் இங்கே வந்து மாட்டிக்கொள்வார். ஸ்கில்ட் வொர்க்கர் வழியாக நிரந்தர வசிப்பு கேட்கும் கணக்கில் அந்த இரண்டு வருடமும் சேராது.

எங்களுக்கு இன்னொரு தயக்கம் சம்பளம். 2025 ஜூலை 22 முதல் எக்ஸ்பான்ஷன் வொர்க்கருக்கு வருடம் 52,500 பவுண்டு குறைந்தபட்சம். அந்தப் பதவிக்கு அரசு வைத்திருக்கும் தொகை இதைவிட அதிகமானால் அதைத்தான் கொடுக்க வேண்டும். வருமானமே வராத கிளைக்கு இது முதல் நாளிலிருந்து விழும் செலவு. எல்-1ஏ விசாவுக்கென்று தனிச் சம்பள வரம்பு கிடையாது. அதற்காக அடிமட்டச் சம்பளம் எழுதினால், இவரா மேலாளர் என்று அதிகாரி புருவத்தை உயர்த்துவார்.

கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் லைசன்ஸும் விசாவும் மலிவு, சுகாதாரக் கட்டணம்தான் பெரியவர் ஒருவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு. அமெரிக்காவில் மனுக் கட்டணங்களைவிட வக்கீல் செலவு பெரிது.

வாடிக்கையாளர்கள் லண்டனில் காத்திருக்கிறார்கள், போகிறவர் இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவார், சம்பளம் பிரச்சினை இல்லை என்றால் பிரிட்டனே போங்கள். ஒரு வருடத்துக்குள் ஆள் எடுக்கத் தேவையே இல்லாத தொழிலுக்கும் அதுதான் பொருந்தும். மற்றபடி என் ஓட்டு எல்-1ஏ பக்கம்.

கம்பெனி உரிமையாளரே கிளம்புவதாக இருந்தால் மட்டும் மறுபடி யோசிப்பேன். எல்-1ஏ அதைத் தடுக்கவில்லை, ஆனால் வேலை முடிந்ததும் வெளிநாட்டுப் பணிக்குத் திரும்புவார் என்று காட்டச் சொல்வார்கள். அவர் இல்லாத காலம் முழுக்க ஊரில் தாய்க் கம்பெனியும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பெரும்பான்மைப் பங்கு வைத்திருப்பவரை பிரிட்டனின் பழைய சோல் ரெப் விசா அனுமதிக்கவில்லை, எக்ஸ்பான்ஷன் வொர்க்கரில் அந்தத் தடை இல்லை. எல்லாமே முதலாளியின் தோளில் நிற்கும் சின்னக் கம்பெனி என்றால், அவரை அமெரிக்காவுக்கு அனுப்பும் முன் ஊரில் யார் கையெழுத்துப் போடுவார் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.