ஆப்ஷோர் சேஃப்டி கோர்ஸ்: தண்ணி டிரெய்னிங் பிரமாதம், பர்மிட் வகுப்பு சொதப்பல்

மலேசியாவுல, கோலாலம்பூர்லேர்ந்து கொஞ்சம் தள்ளி இருக்கற ஒரு சென்டர்ல டி-போசியட் முடிச்சேன், நடுக்கடல்ல இருக்கற எண்ணெய் பிளாட்ஃபார்ம் வேலைக்குப் போறவங்களுக்கான அடிப்படை பாதுகாப்புப் பயிற்சி இது. மூணு நாள், காசு கம்பெனி கட்டிடுச்சு. பேரு போடல, குறையும் சொல்லப் போறேன்ல. கெர்த்தே, மிரி பக்கம் பிளாட்ஃபார்ம் வேலைக்குப் போற நம்ம பசங்க நெறைய பேரு கேக்கறதால எழுதறேன்.

முதல்ல நல்லது. ஹெலிகாப்டர் கடல்ல விழுந்தா எப்படித் தப்பிக்கறதுன்னு பழக்க, ஹெலிகாப்டர் மாதிரி செஞ்ச கூண்டுல பெல்ட் போட்டு உக்கார வச்சு, கிரேன்ல தண்ணிக்குள்ள எறக்கி அப்டியே தலைகீழா கவுத்துடுவாங்க. ஒரு கை ஜன்னல் விளிம்புல, இன்னொரு கை பக்கிள் மேல, கூண்டு சுத்தி நிக்கற வரைக்கும் பெல்ட்ட கழட்டவே கூடாது, அவசரப்பட்டு கழட்டினா ஜன்னல் எந்தப் பக்கம்னே தெரியாம உள்ளயே மெதக்க வேண்டியதுதான். மூக்குல தண்ணி ஏறும், சைனஸ் இருந்தா பாவம். என் பக்கத்து சீட்டு அண்ணனுக்கு நீச்சலே தெரியாது, கை காலெல்லாம் நடுங்குது, மலாய்க்கார கோச் ஒரு அதட்டல் கூட போடாம "ரிலெக்ஸ் பாங், பெலான் பெலான்"னு (பதறாதீங்கண்ணே, மெதுவா மெதுவா) சொல்லி சொல்லியே அவர பாஸ் பண்ண வச்சாரு. அந்த மனுஷனுக்காகவே அஞ்சு ஸ்டார் குடுக்கலாம்.

தீயணைப்பு, லைஃப்போட் எல்லாம் ஓகே. சாப்பாடு சுமார், சைவம்னா முன்னாடியே சொல்லிடுங்க.

கடுப்பானது முதல் நாள் வகுப்புலதான். பர்மிட் டு வொர்க், அதாவது ஆபத்தான வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எழுதி வாங்கற அனுமதிச் சீட்டு, அத ஸ்லைட் தட்டித் தட்டி ஓட்டிட்டாங்க, எல்லாரும் போன் பாத்துட்டு இருந்தாங்க. பிரிட்டன் பக்கம் வட கடல்ல எரிஞ்சு போன பைபர் ஆல்ஃபாங்கற எண்ணெய் பிளாட்ஃபார்ம் போட்டோ ஒன்ன காட்டி "167 பேர் செத்தாங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைட். ஏன் செத்தாங்கன்னு சொல்ல வேணாமா? 1988 ஜூலை 6, ஒரு பம்போட சேஃப்டி வால்வ ரிப்பேருக்குக் கழட்டிட்டு அந்த எடத்த சும்மா தகடு போட்டு மூடி வச்சிருந்தாங்க, அந்த வால்வுக்கு தனி பர்மிட், அது நைட் ஷிப்ட் ஆளுங்க கண்ணுல படல, இன்னொரு பம்பு நின்னு போனதும் இத ஓட விட்டாங்க, கேஸ் கசிஞ்சு வெடிச்சிருச்சு. ஹெலிகாப்டர் வரும்னு தங்கற கட்டடத்துலயே காத்திருந்தவங்கதான் அதிகமா செத்தாங்க, கடல்ல குதிச்ச பல பேரு பொழச்சாங்க. 1990ல இத விசாரிச்ச நீதிபதி கல்லன் பிரபு அறிக்கைல 106 பரிந்துரை வந்துச்சு, அதுக்கப்புறம்தான் பிரிட்டன்ல ஒவ்வொரு பிளாட்ஃபார்மும் தன் ஆபத்து என்ன, அத எப்படி கட்டுப்படுத்துதுன்னு தானே எழுதிக் காட்டணும்னு 1992ல சட்டம் போட்டாங்க. ஆக பேப்பர் வேலைலதான் உயிரே இருக்கு, அதப் போயி இப்டி ஓட்டலாமா?

நம்ம ஊரு சட்டத்தப் பத்தியும் ஒரு வரி கூட இல்ல. 1994 தொழில் பாதுகாப்புச் சட்டத்த திருத்தி 2024 ஜூன் 1லேர்ந்து அமல்படுத்திட்டாங்க, முதலாளிக்கு அபராதம் 50,000 வெள்ளிலேர்ந்து (ரிங்கிட்) 500,000 வரைக்கும் ஏறிடுச்சு, உடனடி ஆபத்துன்னு நியாயமா தெரிஞ்சு, சொல்லியும் முதலாளி கண்டுக்கலன்னா வெலகிக்க தொழிலாளிக்கு உரிமை இருக்கு. நடுக்கடல்ல வெலகி எங்க போறதுன்னு கேக்காதீங்க, அதத்தான் வகுப்புல பேசியிருக்கணும்.

சர்டிபிகேட் நாலு வருஷம் செல்லும். இங்க போறீங்கன்னா டீ பிரேக்ல கோச்சப் புடிச்சு ஒரு பர்மிட் ஃபாரம் கேளுங்க, எனக்குக் குடுத்தாரு, நிரப்பவும் சொல்லித் தந்தாரு.