அக்கா மகளுக்கு நாகர்கோவிலில் ஒரு லேப்டாப்

ஷார்ஜாவிலிருந்து ஊருக்குக் கிளம்பும்போதே அக்கா சொல்லிவிட்டாள், மகள் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறாள், ஒரு லேப்டாப் வேண்டும் என்று. 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். திருவனந்தபுரத்தில் இறங்கினால் இரணியல் பக்கத்தில் இருக்கும் அக்கா வீடு தூரமும் இல்லை. ஆனாலும் ஊரிலேயே வாங்குவது என்று முடிவு செய்தேன். வளைகுடாவில் விற்கும் பல மாடல்களுக்கு வாரண்டி அந்தப் பக்கத்தோடு முடிந்துவிடும். நான் திரும்பிப் போன பிறகு ஸ்கிரீன் போனால் அக்கா யாரிடம் போய் நிற்பாள்?

அக்காவின் மூத்த பையனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசின் விலையில்லா லேப்டாப் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் படித்துத்தான் அவன் இன்று வேலைக்குப் போகிறான். இப்போது பேட்டரி முழுக்கப் போய்விட்டது, பிரவுசரில் இரண்டு பக்கம் திறந்தாலே நின்றுவிடுகிறது.

பள்ளிப் பாடத்துக்குப் பெரிய மிஷின் தேவையே இல்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் இந்த வருடம் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான், இரண்டும் புரோகிராம் எழுதும் மொழிகள். பாடநூல்கள் பிடிஎஃபாக இலவசமாகக் கிடைக்கின்றன. இவை எல்லாம் எதிலும் ஓடும். ஆனால் ஆன்லைன் வகுப்பும் பிரவுசரும் ஒன்றாக ஓட வேண்டும் என்றால் 8 ஜிபி ரேமும் (ஓடும் வேலைகளைத் தாங்கும் நினைவகம்) எஸ்எஸ்டியும் (ஃபைல்களை வைக்கும் வேகமான டிஸ்க்) கட்டாயம் வேண்டும். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஓடும், ஆனால் பிள்ளை பொறுமை இழந்துவிடுவாள்.

முதலில் மார்த்தாண்டத்தில் பழைய லேப்டாப் விற்கும் கடைக்குப் போனேன். கம்பெனிகளில் பயன்படுத்திய மிஷின்கள், உடம்பு நல்ல கெட்டி, விலையும் பாதிக்குக் கீழே. ஆனால் பெரும்பாலானவற்றின் பிராசஸர் இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் தெரிந்த வீடு என்றால் தைரியமாக வாங்கலாம். எங்கள் வீட்டுக்குச் சரிவராது.

அப்புறம் நாகர்கோவிலில் ஒரு பெரிய ஷோரூம். ஏசி, குளிர்ந்த தண்ணீர், உடனே தவணைப் பேச்சு. "ரைசன் 5 சார், இந்த விலைக்குக் கிடைக்கவே கிடைக்காது" என்றார் விற்பனைப் பையன். ரைசன் என்பது ஏஎம்டி கம்பெனியின் பிராசஸர். ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்தால் மாடல் எண் 7520யு. அதே வரிசையில் 7530யு என்று ஒன்று உண்டு. நடுவில் ஒரே ஒரு இலக்கம்தான் மாறுகிறது. ஆனால் முதலாவது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, கணக்குப் போடும் கோர் நான்குதான், ரேம் போர்டிலேயே ஒட்டியது, பிறகு கூட்ட முடியாது. இரண்டாவது ஜென் 3, ஆறு கோர். இதைக் கேட்டபோது அவருக்குப் பதில் தெரியவில்லை. சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். விற்காத பெட்டிக்கு வாரண்டி ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தது. பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருவதாகவும் சொன்னார்கள். அங்கிருந்து வெளியே வந்துவிட்டேன்.

வடசேரி பக்கம் ஒரு சிறிய கடையில்தான் மனது நின்றது. கடைக்காரர் என்ன வேலைக்கு, யாருக்கு என்று கேட்ட பிறகே பெட்டியை எடுத்தார். இன்டெல் ஐ3-1215யு பிராசஸர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து ரேம் பகுதியைக் காட்டினார், இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. "பிள்ளை காலேஜ் போகும்போது இன்னொரு 8 போட்டுக்கலாம், இப்ப வேண்டாம்" என்றார். கூடுதலாக எதையாவது தலையில் கட்டப் பார்க்காத கடைக்காரரைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி தனி. 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 40,000 ரூபாய்க்குள்தான் வந்தது. சீரியல் எண்ணைப் பில்லில் எழுதி, வாரண்டி அன்றைய தேதியிலிருந்து தொடங்குவதை என் கண்முன்னே பார்த்துச் சொன்னார். விண்டோஸிலேயே இருக்கும், தமிழில் தட்டச்சு செய்வதற்கான தமிழ்99 கீபோர்டு அமைப்பையும் சேர்த்துக் கொடுத்தார்.

பணம் கொடுப்பதற்கு முன்பு அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரையும் நாகர்கோவிலிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மேசையில் பிரித்து வைத்திருந்த ஒரு லேப்டாப்பில் சார்ஜர் முனை பச்சையாகப் பூத்திருந்தது. குளச்சல் பக்கத்து வீட்டிலிருந்து வந்ததாம், உப்புக் காற்று. அது போக, நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே உண்டு. "இடி வெட்டினா பிளக்கையே பிடுங்கிடச் சொல்லுங்க சார், சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. ஐப்பசியில அடாப்டர் எரிஞ்சு வர்றதுதான் அதிகம்" என்றார் டெக்னீசியன். இந்த ஒரு பேச்சுக்காகவே அங்கே போனது நல்லது.

வீட்டில் சார்ஜ் போட்டுக் கை வைத்தபோது லேசாகச் சுர்ரென்றது. பழைய ஓட்டு வீடு, அந்த அறையின் பிளக் பாயின்டுக்கு எர்த் கம்பியே இழுக்கவில்லை. அத்தானிடம் சொன்னேன், மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து எர்த் கொடுத்து மூன்று துளை சாக்கெட் மாட்டிவிட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கும் பழைய வீட்டுக்காரர்கள் இதை முதல் செலவாகவே கணக்கில் வையுங்கள், பெரிய தொகை ஆகாது. பில்லை அத்தான் வீட்டுப் பத்திரம் இருக்கும் பையிலேயே வைத்திருக்கிறார், ஒரு படம் என் வாட்ஸ்அப்பிலும் இருக்கிறது.