அம்மாவின் நினைவு மலரும் திருநெல்வேலி அச்சகமும்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குள் செய்து முடிக்க வேண்டிய வேலைகளில் ஒன்று நினைவு மலர் அடிப்பது. இறந்தவரின் நினைவாக அச்சிட்டுக் கொடுக்கும் சிறு புத்தகம் அது, கல்வெட்டு என்றும் சொல்வோம். எங்கள் அம்மா 2024 ஆவணியில் காலமானார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தகப்பனும் மகனுமாக நடத்தும் ஒரு சின்ன அச்சகத்தில்தான் அவருடைய மலரை அடித்தோம். அந்த வேலையைப் பற்றி எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

மலரின் பாதிப் பங்கு எல்லா அச்சகங்களிலும் ஏற்கெனவே தயாராக இருக்கும். பஞ்சபுராணம், சிவபுராணம் எல்லாம் தட்டச்சாகிக் கிடக்கும். இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவும் நன்றி நவிலலும் ஆளுக்கேற்ப மாறும். சிக்கல் வாழ்க்கை வரலாற்றில்தான். அதற்கும் பல இடங்களில் ஒரு தயார் வடிவம் வைத்திருக்கிறார்கள். "இன்முகத்துடன் விருந்தோம்பி, உற்றார் உறவினரை அரவணைத்து" என்று போகும். ஊரையும் பெயரையும் மாற்றினால் சரி. நான் வாசித்த மலர்களில் முக்கால்வாசிப் பேருடைய அம்மாமார் ஒரே அம்மாவாகத்தான் தெரிகிறார்கள். துக்க வீட்டில் யாருக்கு எழுத வரும்? அதனால் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இந்த அச்சகத்து மகன் அப்படி விடவில்லை. நாங்கள் எழுதிக் கொண்டுபோன இரண்டு பக்கத்தை வாசித்துவிட்டு, "அக்கா, இது ஆருக்கும் பொருந்தும். அம்மா விடிய எழும்பினா முதல் என்ன செய்வா எண்டு சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். முற்றம் கூட்டி, சாமிக்குப் பூ வைத்து, தேத்தண்ணி குடிக்கும் முன்பே தையல் மெசினுக்கு எண்ணெய் விடுவார். அவர் கேட்டுக்கேட்டு எழுத, ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. கடையில் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். அவசரப்படுத்தவே இல்லை.

அந்தக் கேள்விகளால்தான் போரால் வந்த 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு மலருக்குள் வந்தது. யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே வெறுமையான அந்த இரவில், மழைக்குள், நாவற்குழிப் பாலத்தைக் கடக்க அம்மா சைக்கிள் கரியரில் கட்டியது உடுப்பு மூட்டையை அல்ல, தையல் மெசினின் தலையை. மீசாலையில் ஒரு மாட்டுக் கொட்டிலின் பக்கத்தில் அதைப் பூட்டி, பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்து எங்களைக் காப்பாற்றினார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் தட்டுப்பாடானபோது, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோப்பார். திரியைத் தூண்ட விடமாட்டார். "எண்ணெய் பிள்ளையள் படிக்க" என்பார். இதையெல்லாம் நாங்கள் வீட்டில் பேசியிருக்கிறோம், ஆனால் எழுத வேண்டிய விஷயம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

96இல் திரும்பி வந்தபோது வீட்டில் அல்பம் இல்லை. ஆகவே அம்மாவின் இளவயதுப் படம் என்று எங்களிடம் ஒன்றும் கிடையாது. கொழும்பில் இருக்கும் சித்தியிடம் ஒரு கலியாணப் படம் இருந்தது, கறையான் ஓரம் அரித்தது. அதை ஸ்கான் பண்ணிச் செய்த வேலை அருமை. சேலைக் கரையின் கோடுகூடத் தெரிகிறது. ஆனால் அட்டைப் படத்தில் முதலில் அவர்கள் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவின் முகத்தை வெள்ளையாக்கி, நெற்றிச் சுருக்கத்தை அழித்து, பின்னால் நீல மேகம் போட்டிருந்தார்கள். பழைய நிறத்துக்கே மாற்றச் சொன்னோம், முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள். நீங்கள் போவதென்றால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எழுத்துரு இன்னொரு தலையிடி. அச்சகம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வேலை செய்கிறது. ரொறொன்ரோவிலிருந்து அண்ணாவின் மகள் வட்ஸ்அப்பில் அனுப்பிய "எங்கள் அப்பம்மா" யுனிகோட்டில் வந்தது. மாற்றும்போது இடையில் இருந்த ஆங்கிலச் சொற்கள் பொருளில்லாத தமிழ் எழுத்துகளாகிவிட்டன. அச்சகத்துத் தகப்பன் சரவை (பிழை திருத்தம்) பார்ப்பதில் மிகக் கவனமானவர், அதைப் பிடித்துவிட்டார். ஆனால் வம்சாவளிப் பக்கத்தில் காலமான இரண்டு பெரியப்பாமாருக்கு "அமரர்" விடுபட்டு அச்சாகிவிட்டது. எங்கள் ஊரில் இது சின்னப் பிழை இல்லை. அந்தப் பக்கத்தைத் தங்கள் செலவிலேயே திரும்ப அடித்துத் தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வம்சாவளியைக் குடும்பத்தில் வயதில் மூத்த ஒருவர் பார்த்த பிறகே அச்சுக்கு விடுங்கள்.

அப்புறம் கூழ். அம்மாவின் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கூழ் செய்முறையைப் போட வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள். ஒடியல் மாவை முதலே தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை வடித்துவிடுவார். நண்டு, இறால், மீன் தலை, பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கை இலை எல்லாம் வெந்த பிறகுதான் மாவைக் கரைத்து விடுவார். செத்தல் மிளகாயை அம்மியில்தான் அரைப்பார். பேரப்பிள்ளைகளுக்குப் பிலாவிலையைக் கிண்ணமாகக் கோலி ஊற்றிக் கொடுப்பார். தேவாரம் இருக்கிற புத்தகத்தில் நண்டும் இறாலுமா என்று தகப்பன் தயங்கினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அம்மாவும் வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொடாதவர். கடைசியில் நன்றி நவிலலுக்கும் பின்னால், தனித் தாளில், வேறு நிறத்தில் போட்டார்கள். அந்தியேட்டி அன்று சாப்பாடு முடிந்து மலரைக் கையில் வாங்கியவர்களில் பலர் முதலில் திருப்பியது அந்தப் பக்கத்தைத்தான்.

56 பக்கம், 300 பிரதி, ஒன்றுக்கு ஏறக்குறைய 400 ரூபாய் வந்தது. இதைவிட மலிவாக அடிக்கும் இடங்கள் உண்டு. எனக்கு இந்தக் காசு வலிக்கவில்லை. நடுவில் கம்பி குத்துவதால் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வரும், அதை மனதில் வைத்து எழுதினால் கடைசி நேரம் வெட்ட வேண்டியதில்லை. சில பிரதிகளில் கம்பி சற்று விலகியிருந்தது. செத்தவீடு முடிந்த முதல் வாரத்திலேயே போய்விடுங்கள், தயார் வடிவம் இல்லாமல் எழுத அவர்களுக்கு நாள் வேண்டும்.

இரண்டு பிரதியைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னதும் அந்த மகன்தான். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களோடு நினைவு மலர்களையும் இணையத்தில் சேர்த்து வைக்கிறது. பெரும் புள்ளிகளுடையதுதான் அங்கே போகும் என்று நினைத்திருந்தேன். தையற்காரியான என் அம்மாவின் மலரையும் கொடுக்கலாம் என்றார்.

கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக நாலு ஆங்கிலப் பக்கம் சேர்த்து மறுபடி 50 பிரதி கேட்டிருக்கிறோம். கூழ்ப் பக்கத்தை இந்த முறை உள்ளே கொண்டுவருவதாக அண்ணாவும் தகப்பனும் பேசி முடித்துவிட்டார்கள்.