பட்டர்ஃபிளை லாக்ஸ்: கையால் சுற்றுவதா, கொக்கியால் கோர்ப்பதா?

சவுரி முடி வைத்து லாக்ஸ் (கயிறு போல உருண்டு தொங்கும் முடிக்கற்றைகள்) போட நினைப்பவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் நீளத்தையும் பற்றித்தான் முதலில் யோசிக்கிறார்கள். அவற்றைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். அந்தச் சவுரி எந்த வழியில் தலையில் ஏறப்போகிறது என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். சொந்த முடியைத் தனித்தனியாகப் பின்னி, ஒவ்வொரு பின்னலின் மேலும் கையால் சவுரியைச் சுற்றிக்கொண்டே வருவது ஒரு வழி. தயாராக விற்கும் லாக்ஸைக் கொக்கி ஊசியால் கோர்த்துவிடும் க்ரோஷே முறை இன்னொன்று. இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு நான் க்ரோஷேவில் நின்றுவிட்டேன். முதல் நாள் அழகில் கையால் சுற்றியதுதான் ஒரு படி மேல் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் பேசுவது வழவழப்பாகச் சுற்றிய லாக்ஸ் பற்றி இல்லை. மேலெல்லாம் வளையங்களும் பிசிறுகளும் தெரியும் வகையைப் பற்றி. வளையம் பெரிதாக, தளர்வாக இருந்தால் பட்டர்ஃபிளை. சிறிதாக, நெருக்கமாக, பிசிறு கூடுதலாக இருந்தால் டிஸ்ட்ரெஸ்டு. நடுநடுவே அல்லது நுனியில் சுருள்முடியை அவிழ்த்து விட்டால் காடஸ். ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் பின்னல் கலையிலிருந்து கிளைத்தவை இவை எல்லாமே. சொந்த முடியை உள்ளே மடக்கிப் பத்திரப்படுத்திவிட்டு, வெயிலையும் காற்றையும் உராய்வையும் வெளியே இருக்கும் சவுரி தாங்கட்டும் என்பதுதான் அந்தக் கலையில் ஒரு முக்கியமான நோக்கம். அதனால்தான் இதைப் பாதுகாப்புச் சிகை என்கிறோம். பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால், கழற்றிய பிறகு உள்ளே இருந்த முடி எந்த நிலையில் வெளியே வருகிறது என்பதை வைத்துத்தான் எந்த முறையையும் எடைபோட வேண்டும். என் அலசல் முழுக்க அந்த ஒரு கணக்கில்தான் நடக்கிறது.

கையால் சுற்றும் முறை இப்படி: தலையைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பின்னி, அடியில் சவுரியை மாட்டி, நுனிவரை சுற்றிக்கொண்டே இறங்க வேண்டும். சுற்றும்போது கொஞ்சம் முடியை விரலால் தளர்த்தி வெளியே தள்ளி, அதற்கு மேலும் கீழும் இறுக்கிச் சுற்றினால் வளையம் நிற்கும். இதற்கு அலை அலையான, சுருண்ட சவுரிதான் சரி. பாக்ஸ் பிரெய்டுக்கு (கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடும் பின்னலுக்கு) வாங்கும் நேரான முடியில் வளையம் எழும்பாது, வழுக்கிவிடும். க்ரோஷேயில் சொந்த முடி முழுவதும் தலையோடு ஒட்டிய கார்ன்ரோ பின்னலாகப் படுத்துவிடும். அதனடியில் கொக்கியை நுழைத்து, லாக்கின் தலையில் இருக்கும் வளையத்தை இழுத்து, அந்த வளையத்துக்குள்ளேயே லாக்கைக் கோர்த்து இறுக்கினால் முடிந்தது.

நேரத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கையால் சுற்றினால் ஒரு பகல் முழுக்கப் போகும். க்ரோஷே சில மணி நேரத்தில் முடியும், கொக்கியைப் பிடிக்கப் பழகிவிட்டால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். எத்தனை நாள் வைக்கலாம் என்பதிலும் பெரிய வித்தியாசமில்லை. வளையம் உள்ள லாக்ஸ் இரண்டுமே நான்கு முதல் ஆறு வாரத்தில் களைத்துவிடும். பிசிறு பிசிறாக இருப்பதுதானே இதன் அழகு என்பதால் பழசானது சீக்கிரம் தெரியாது. ஆனால் அடியில் வளர்ந்த முடி காட்டிக்கொடுத்துவிடும்.

அலங்காரத்துக்கு வருவோம். கையால் சுற்றியவர்களின் பலமான வாதம் இதுதான், அது உண்மையும்கூட. ஒவ்வொரு லாக்கும் தனித்தனிச் சதுரத்திலிருந்து முளைப்பதால் வகிட்டை எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம். உச்சியில் தூக்கிக் கொண்டை போடலாம், பாதியை மட்டும் கட்டலாம், பக்கவாட்டில் சரித்துவிடலாம். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தோலும் கட்டமும் சுத்தமாகத் தெரியும். க்ரோஷேயில் நேராகப் பின்னால் ஓடும் கார்ன்ரோ போட்டுவிட்டு உச்சியில் கொண்டை கட்டப் பார்த்தால், பிடரியில் வரிவரியாகப் பின்னல் தெரிந்துவிடும்.

இதற்கு வழி இருக்கிறது. கார்ன்ரோ எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை, எந்த அலங்காரம் வேண்டும் என்று முடிவு செய்த பிறகே தீர்மானிக்க வேண்டும். பாதி தூக்கிக் கட்டும் பழக்கம் இருந்தால் காதுக்குக் காது ஒரு வகிடு எடுத்து, மேல்பாதியை உச்சியை நோக்கியும் கீழ்பாதியைக் கீழ்நோக்கியும் பின்ன வேண்டும். முழுக் கொண்டை வேண்டுமென்றால் நெற்றி ஓரத்திலும் பிடரியிலும் ஒரு வரிசையைக் கார்ன்ரோவில் சேர்க்காமல் தனித்தனிப் பின்னலாக விட்டு, அவற்றின் அடியில் லாக்கைக் கோர்த்து, அந்தப் பின்னலை லாக்குக்குள் நுழைத்து, அடிப்பகுதியை மட்டும் சிறிது சவுரியால் சுற்றி மறைத்துவிடலாம். வெளியே தெரியும் ஓரம் முழுக்கக் கையால் செய்தது போலிருக்கும், உள்ளே பெரும்பகுதி கார்ன்ரோவில் நிம்மதியாகக் கிடக்கும். நான் இப்போது போடுவது இப்படித்தான். அலங்காரத்தில் க்ரோஷே இழப்பதில் பெரும்பகுதி இதில் திரும்பக் கிடைத்துவிடுகிறது. வகிட்டை நினைத்த இடத்துக்கு மாற்றும் வசதி மட்டும் வராது.

வேறொரு சின்ன வசதியும் உண்டு. க்ரோஷேயில் ஒரு லாக் நைந்துபோனால் அதை மட்டும் உருவிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கோர்க்க ஒரு நிமிடம் போதும்.

இனி என்னை முடிவெடுக்க வைத்த விஷயம்: கழற்றுவது.

எல்லாருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும். சாதாரணமாக அது சீப்போடு போய்விடும். பின்னலுக்குள் அடைபட்ட முடிக்குப் போக இடமில்லை. ஆறு வாரம் வைத்திருந்தால் 2,000 முதல் 4,000 முடி வரை வேரிலிருந்து விட்டுவிட்டு, பின்னலுக்குள்ளேயே தங்கியிருக்கும். கழற்றும்போது கொத்தாக வருவதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். அதில் பெரும்பகுதி எப்படியும் உதிர்ந்திருக்க வேண்டியதுதான். சிக்கல் என்னவென்றால், அந்த உதிர்ந்த முடி உயிரோடிருக்கும் முடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடியில் எண்ணெயும் தூசியும் ஜெல்லும் சேர்ந்து ஒரு சாம்பல் நிற வளையமாக இறுகியிருக்கும். சவுரியை எடுத்தபின் அந்த வளையத்தை விரலால் பிரிக்காமல் தண்ணீர் ஊற்றினால் அவ்வளவும் கம்பளியாகத் திரண்டுவிடும், அப்புறம் கத்தரிக்கோல்தான். ஆறு வாரமாகப் பாதுகாத்த முடியை ஒரே மாலையில் இழப்பது இப்படித்தான்.

இந்தச் சாம்பல் வளையம் இரண்டு முறையிலும் உருவாகும். ஆனால் அதைத் தொடுவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். கையால் சுற்றிய லாக்கில் சொந்த முடி நடுவில் இருக்கிறது. அது எங்கே முடிகிறது என்று வெளியிலிருந்து தெரியாது, நிறமும் ஒன்றாகவே இருக்கும். வெட்டுமுன் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு விரல் கீழே வெட்டிவிட்டு மீதியைச் சுற்று சுற்றாக அவிழ்க்க வேண்டும். வழவழப்பான லாக் என்றால் நூல்கண்டு மாதிரி அவிழ்ந்துவிடும். பட்டர்ஃபிளையில் அப்படி நடக்காது. வேண்டுமென்றே தளர்த்தி, மேலே சுற்றிப் பூட்டிய வளையங்கள் அவை. நாள்பட அந்த வளையங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அவிழ்க்கும்போது ஒவ்வொரு வளையமும் முடிச்சாகிவிடும். ஐந்தாறு லாக்கில் பொறுமை நிற்கும். ஐம்பது அறுபதைத் தாண்டும்போது கை வலிக்கும், இழுக்கத் தோன்றும், முடி அறுவது அங்கேதான். அழகைத் தரும் அந்த வளையமே கழற்றும்போது எதிரியாகிவிடுகிறது. அதனால் இந்த வகை லாக்ஸுக்கு இந்தக் கேள்வி மற்ற எதையும்விட முக்கியம் என்கிறேன்.

க்ரோஷேயில் வளையங்களை அவிழ்க்கவே வேண்டாம். உள்ளே சொந்த முடி இல்லை. முடிச்சிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வெட்டி எறிந்துவிட்டு, மீதி இருக்கும் முடிச்சைத் தளர்த்தி உருவினால் கார்ன்ரோ மட்டும் நிற்கும். ஓரத்தில் தனிப்பின்னல் விட்டிருந்தால் அங்கே மட்டும் வெட்டாமல் அடியைத் தளர்த்தி லாக்கை உருவிக்கொள்ள வேண்டும். கையில் பலமும் பொறுமையும் மிச்சம் இருக்கும்போதே சாம்பல் வளையத்துக்கு வந்துவிடுகிறோம். உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது: கொஞ்சம் கண்டிஷனரோ எண்ணெயோ தடவி ஊறவிட்டு, விரலால் பிரித்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சீவி, உதிர்ந்த முடியெல்லாம் வெளியே வந்தபிறகுதான் ஷாம்பு. இங்கேயும் ஒரு கவனம் தேவை. கார்ன்ரோவின் நுனிகளை மடக்கித் தைத்திருந்தால் அந்த நூலை வெட்டும்போது முடி சிக்கலாம். தைக்கும்போதே சிவப்போ வெள்ளையோ, முடியில் தனித்துத் தெரியும் நூலைப் பயன்படுத்தச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது எடை. சொந்த முடியைத் தொடர்ந்து இழுத்துப் பிடிப்பதால் வரும் முடி இழப்பை 1907-லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் கவனித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இறுக்கிக் கட்டிய குதிரைவால்தான் காரணம். நெற்றி ஓரமும் காதுக்கு மேலும் முதலில் மெலியும். ஆரம்பத்தில் நிறுத்தினால் திரும்ப வளரும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேர்க்காலே தழும்பாகி முளைக்காமல் போகும். கையால் சுற்றிய லாக்கின் முழு எடையும் அந்தச் சின்னச் சதுரத்தில் இருக்கும் முடிமேல் தொங்குகிறது. க்ரோஷேயில் கார்ன்ரோவின் நெடுக அது பங்கு பிரிகிறது. ஆனால் ஒரே இடத்தில் நெருக்கி நெருக்கிக் கோர்த்தால் இந்த நன்மை போய்விடும், கார்ன்ரோவே இறுக்கமாக இருந்தாலும் போய்விடும். போட்ட அன்று புருவம் மேலே இழுக்கிறது, பின்னலடியில் சின்னச் சின்னக் கொப்புளம் வருகிறது என்றால் எந்த முறையானாலும் தளர்த்திவிடுங்கள். முதல் இரண்டு வாரம் உயரக் கொண்டை வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

தலைக்குக் குளிப்பதில் கையால் சுற்றியது கொஞ்சம் முந்துகிறது. சதுரங்களுக்கு இடையே தோல் திறந்திருப்பதால், நீர்த்த ஷாம்புவை மூக்குள்ள பாட்டிலில் ஊற்றி நேராக விட்டு அலசலாம். க்ரோஷேயில் கார்ன்ரோவின் மேல் ஒரு காடே இருப்பதால் தோலை எட்டச் சிரமம், காய்வதும் மெதுவாக. ஈரம் நின்றால் நாற்றம் வரும், அதனால் தலையை மூடிக் காயவைக்கும் ஹூட் டிரையரின் கீழ் உட்கார்ந்தே ஆக வேண்டும். போட்ட சில நாளில் தாங்க முடியாத அரிப்பு வந்தால் சவுரியின் மேல்பூச்சு காரணமாக இருக்கலாம். ஆப்பிள் சிடர் வினிகர் கலந்த தண்ணீரில் முன்கூட்டியே ஊறவைத்து அலசிக் காயவைத்துவிட்டால் பலருக்கு அது அடங்கிவிடுகிறது. மெழுகும் முடிக்குப் பூசும் கெட்டியான பட்டரும் இரண்டு முறைக்கும் வேண்டாம், பிசிறுகளில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. லேசான மூஸ் (முடிக்குப் பூசும் நுரை), இரவில் சாட்டின் துணி, அது போதும்.

என் முடி இறுக்கமான சுருள், அதனால் கார்ன்ரோ நன்றாகப் பிடித்துக்கொள்ளும். நேரான, வழுக்கும் முடி உள்ளவர்களுக்கு நான் போட்டுவிட்டது குறைவு. அப்படிப்பட்ட தலையில் இரண்டு முறையிலும் பின்னல் சீக்கிரம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன், எது கொஞ்சம் கூடுதலாக நிற்கும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பார்க்கவில்லை. உண்மையான மனித முடியில் செய்து, மெல்லிய க்ரோஷே ஊசியால் சொந்த முடியோடு பிணைத்துவிடும் நிரந்தர லாக்ஸ் தனிக் கதை. கழற்றும் எண்ணமே இல்லாதவர்களுக்கானது அது.

வகிட்டை மாற்றி மாற்றிப் போடாமல் இருக்க முடியாது என்பவர்கள் கையால் சுற்றியே போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் செய்துவிடுங்கள்: பின்னுவதற்கு முன்னால் நெற்றி, உச்சி, பக்கம், பிடரி ஆகிய இடங்களில் முடியை இழுத்துப் பிடித்து நீளத்தைத் தனித்தனியாக அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த லாக்கை எங்கே வெட்டலாம் என்று கழற்றும் அன்று தடவித் தேட வேண்டியிருக்காது.