சாயம் ஏற்றிய டியூடிபியா, அமினோஅல்லைல் டியூடிபியா?

டிஎன்ஏவில் ஒளிரும் சாயம் ஏற்ற இரண்டு வழிகள் அதிகம் புழங்குகின்றன. சை-3, ஃபுளோரசீன் போன்ற சாயம் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் டியூடிபியை (dUTP, டிஎன்ஏ இழையில் 'டி' எழுத்தின் இடத்தில் நுழையும் நியூக்ளியோடைடு) இழையை உருவாக்கும் வினையில் நேரடியாகச் சேர்ப்பது ஒன்று. சாயத்துக்குப் பதில் சிறிய அமீன் முனை கொண்ட அமினோஅல்லைல் டியூடிபியை முதலில் இழைக்குள் நுழைத்துவிட்டு, அப்புறம் அதன் அமீன் முனையில் சாயத்தை மாட்டுவது மற்றொன்று.

நேரடி வழியில் வேலை குறைவு. நிக் டிரான்ஸ்லேஷன் (டிஎன்ஏவில் சிறு வெட்டுகள் போட்டு, அங்கிருந்து இழையைப் புதிதாக எழுதும் முறை) முடிந்து, மிஞ்சிய நியூக்ளியோடைடுகளைக் கழுவி நீக்கினால் புரோப், அதாவது தேடும் வரிசையோடு ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் சாயமேற்றிய டிஎன்ஏ, தயார். ஃபிஷ் சோதனைக்கு (குரோமோசோமில் ஒரு வரிசை எங்கே இருக்கிறது என்று ஒளியால் காட்டுவது) ஒன்றிரண்டு புரோப் போதும் என்றால் வேறு யோசனையே வேண்டாம். சிக்கல் சாயத்தின் பருமனில் இருக்கிறது. ஃபுளோரசீன்-12-டியூடிபி என்பதில் வரும் 12, சாயத்தையும் யுராசிலையும் இணைக்கும் சங்கிலியின் அணுக்கணக்கு. அவ்வளவு தள்ளி வைத்தும் இழையை எழுதும் என்சைமான பாலிமரேஸ் தயங்கத்தான் செய்கிறது. அதனால்தான் சாயமில்லாத சாதாரண டிடிடிபியையும் (dTTP) கலந்து கொடுக்கிறோம். பேராசைப்பட்டு சாயத்தைக் கூட்டினால் விளைச்சல் படுத்துவிடும். நெருங்கி உட்கார்ந்த சாயங்கள் ஒன்றன் ஒளியை மற்றொன்று அணைக்கவும் செய்யும்.

இரு நிற மைக்ரோஅரேயில் (இரண்டு மாதிரிகளுக்கு இரு நிறச் சாயமேற்றி, ஜீன்களின் செயல்பாட்டை ஒரே சில்லில் ஒப்பிடுவது) இது இன்னும் மோசம். பொதுவாக சை-5 டியூடிபி, சை-3 அளவுக்கு உள்ளே போகாது. ஒரு ஜீன் பச்சையில் (சை-3 நிறம்) தூக்கலாகத் தெரிந்தால், அது ஜீனின் வேலையா, சாயத்தின் வேலையா? அமினோஅல்லைல் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கிறது. இரண்டு குழாயிலும் ஒரே நியூக்ளியோடைடு. அதுவும் சிறியது, என்சைம் முரண்டு பிடிப்பதில்லை. சை-5க்கு ஓசோன் ஆகாது என்ற தொல்லை மட்டும் இரு வழிகளுக்கும் பொது.

ஆனால் இரண்டாம் படியில் கவனம் வேண்டும். இந்தப் படியில் மாட்டும் என்எச்எஸ் எஸ்டர் சாயம் (அமீனோடு பிணையும் முனை கொண்டது) அமீனைத் தேடிப் போகும். ட்ரிஸ் பஃபரும் ஓர் அமீன்தான். அது மிச்சமிருந்தால் விலை உயர்ந்த சாயம் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ட்ரிஸ் இல்லாமல் கழுவி, பிஎச் 9 அளவில் உள்ள பைகார்பனேட்டில் இணைக்க வேண்டும். சாயத்தை ஈரமில்லாத டிஎம்எஸ்ஓ கரைப்பானில் அன்றன்றைக்குக் கரைப்பதே நல்லது. தண்ணீர் பட்டால் எஸ்டர் சிதைந்துவிடும்.

உயிருள்ள செல்லுக்கு இரண்டுமே சரிப்படாது. மூன்று பாஸ்பேட்டின் மின்சுமையோடு அவை சவ்வைத் தானாகத் தாண்டுவதில்லை, அங்கே பாஸ்பேட் இல்லாத நியூக்ளியோசைடான இடியூதான் (EdU).

எந்த வழியானாலும், 260 நானோமீட்டரிலும் (டிஎன்ஏவின் உச்சம்) சாயத்தின் உச்சத்திலும் (சை-3க்கு 550, சை-5க்கு 650) உறிஞ்சலை அளந்து, சாயம் எவ்வளவு ஏறியது என்று கணக்கிட்டுவிட்டே ஹைபிரிடைசேஷனுக்கு (புரோபை இலக்கு டிஎன்ஏவோடு ஒட்டவைப்பது) போகவும். கழுவல் அரைகுறையாக இருந்தால், ஒட்டாமல் திரியும் சாயமும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.